கடைசி வரிசைக் குரல்

ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையின் கண்ணாடி அலமாரியில் இரண்டு டாக் பெட்டிகள் இருந்தன. செல்போனுக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்புவதுதான் டாக்கின் வேலை. ஒன்று தங்க நிறம். மற்றது கறுப்பு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பை மூன்று பேர் வாங்கிப் போய், மூன்று பேருமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் போகாவிட்டால் பிரித்து உதிரிபாகமாகப் போட்டுவிடுவதாகக் கடைக்காரர் நசீர் பாய் சொல்லியிருந்தார்.

"என்ன தம்பி, நடுக்கமா?" என்றது தங்கம். "வாய்விட்டுக் கத்தத் தெரிந்திருந்தால் உனக்கு இந்தக் கதி வருமா?"

"உள்ளதைச் சொல்லத்தான் எனக்கு வரும்" என்றது கறுப்பு.

"அதனால்தான் ஸ்க்ரூ டிரைவர் உனக்காகக் காத்திருக்கிறது!"

அந்த நேரம் பார்த்து, காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அமலோற்பவம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அவளுடைய ஹெட்போன்.

"பாய், எங்க மாதா கோயில் பாட்டுக்குழு பாடினத ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. முப்பது பேரு. நான் கடைசி வரிசை. எந்தப் பொட்டியில என் குரல் தனியா கேக்குதோ, அத எடுத்துக்கறேன்!"

முதலில் தங்கம். முழங்கு முழங்கென்று முழங்கியது. "அடேங்கப்பா!" என்று துள்ளியவள் சட்டென்று நின்றாள். "எல்லாம் சரி, இதுல நான் எங்க?"

"பொட்டி புதுசுக்கா. இருநூறு மணி நேரம் ஓடவிட்டாத்தான் பழகும்" என்றார் நசீர் பாய்.

"புடிக்கலன்னா திருப்பிக் குடுக்க எத்தினி நாளு?"

"ஏழு நாள்."

"ராவும் பகலும் ஓட்டினாலும் ஏழு நாளைக்கு நூத்தி அறுபத்தெட்டு மணிதான பாய்? அது பழகறதுக்குள்ள உன் கெடு முடிஞ்சிரும்! யார்கிட்ட?"

நசீர் பாய் அசட்டுச் சிரிப்போடு கறுப்பை எடுத்து மாட்டினார். ஒலி ஈனஸ்வரமாக வந்தது.

"முனகுகிறான் பார்!" என்றது தங்கம்.

"சத்தம்தான் கம்மி. இரண்டையும் சமமாக வைத்துக் கேள் என்று யாராவது இவளிடம் சொல்லுங்களேன்!" என்று தவித்தது ஹெட்போன்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஏலத்துல கத்தறவன் வேற, மீனு எடுக்கறவன் வேற" என்றபடி அவளே குமிழைத் திருகி, தங்கத்தின் அளவுக்குச் சத்தத்தை ஏற்றினாள்.

முப்பது குரலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. கடைசி வரிசையில், இதோ, அவள் குரல்! ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்புறம் முகம் சிவந்தது. ஒவ்வொரு வரியிலும் மற்றவர்கள் பாடி முடித்த பிறகும் அந்தக் குரல் மட்டும் அரைத் தாளம் தள்ளி இழுத்துக்கொண்டு வந்தது.

'முன்னால் வந்த மூன்று பேரும் இப்படித்தான் சிவந்தார்கள்' என்று கறுப்புக்கு உதறல் எடுத்தது.

"நான் மறைத்து வைத்தேன், நீ காட்டிக் கொடுத்துவிட்டாய். தொலைந்தாய், போ!" என்றது தங்கம்.

அமலோற்பவம் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"பதினோரு வருஷம் பாய்! பக்கத்துல இருபத்தொம்பது பேரு நின்னு பாடறாங்க. ஒருத்தராவது சொன்னாங்களா? இந்தத் தம்மாத்தூண்டு பொட்டி சொல்லுது! கட்டு, கட்டு, இதையே கட்டு!"

கட்டிக்கொண்டே நசீர் பாய் பழக்கதோஷத்தில் சொன்னார்: "இதையும் இருநூறு மணி நேரம் பழக்கணும்க்கா."

"அதுக்கு எதுக்கு பாய்? அந்த இருநூறு மணி நேரம் பாடிப் பழக எனக்கு வேணும்."