பச்சை வயர்

குருவிக்குன்று மடத்துச் சமையல்கட்டில் பிளக் பாயின்ட் கிடையாது. விளக்குக்கு ஒரு சுவிட்ச் மட்டும் உண்டு. குருபூசைக்கு ஆகட்டும் என்று ஒரு பக்தர் பெரிய கிரைண்டர் வாங்கி இறக்கிவிட்டுப் போனார். அதை எங்கே மாட்டுவது என்று அவர் யோசிக்கவில்லை. கொடுக்கிறவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

தான் பார்த்துக்கொள்வதாக ஏகாம்பரம் சொன்னார். பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். மடத்தை நடத்தும் தாண்டவ சாமிக்குச் சீடர், ஆனால் வயதில் சாமியைவிட மூத்தவர். எந்த வேலையானாலும் முதல் ஆளாகக் கையைத் தூக்குவார். நல்ல மனிதர்தான். பெயர் கெட்டுவிடக் கூடாது என்கிற பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

பூசைக்கு முதல் நாள் மதியம், விளக்குச் சுவிட்சிலிருந்து லைன் எடுத்து, அதே பலகையில் பிளக் பாயின்ட் போட்டுவிட்டார். கிரைண்டர் ஓடியது. மடமே வந்து பாராட்டிவிட்டுப் போனது. சமையல் செய்யும் பொற்கொடி உளுந்து களைந்துகொண்டிருந்தார். அவர் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது, தரையிலும் தண்ணீர் நின்றது.

சாமி உள்ளே வந்தார். துறவு வாங்கும் முன் அவரும் வயரிங் வேலை பார்த்தவர். பலகை இன்னும் சுவரில் இறுக்கப்படாமல் தொங்கியது. அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

சுவிட்ச் வரைக்கும் கரண்ட் கொண்டுவரும் பேஸ் வந்திருந்தது. நியூட்ரல் அங்கே வரவில்லை. அது மேலே விளக்குக்கு நேராகப் போய்விட்டது. போகிற கரண்ட் திரும்பி வருவதற்கு நியூட்ரல் வேண்டும். ஷாக் அடிக்காமல் ஆளைக் காப்பாற்ற எர்த் வேண்டும். ஏகாம்பரம் வெளியே எர்த் பள்ளத்திலிருந்து ஒரு பச்சை வயரை சன்னல் வழியாக இழுத்து, இரண்டு வேலையையும் அந்த ஒன்றின் தலையிலேயே கட்டியிருந்தார். பழைய கட்டடம். ஆபத்து என்றால் கரண்ட் தானே நின்றுபோகும் ஏற்பாடெல்லாம் அங்கே இல்லை.

பொற்கொடி உளுந்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிரைண்டரை நோக்கி நடந்தார்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றார் சாமி.

காலையிலேயே ஊறப் போட்டதுதான் என்று பொற்கொடி முணுமுணுத்தார். இருந்தாலும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனார்.

சாமி திரும்பினார். "ஐயா, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி. ஓடுது பாருங்க."

"ஓட விடுங்க. கையை நனைச்சுட்டு அது மேல வைங்க."

ஏகாம்பரம் யோசிக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டு, கையைத் தண்ணீரில் முக்கிக் கிரைண்டரின் இரும்பு உடம்பில் அழுத்தி வைத்தார். ஷாக் அடிக்கவில்லை. அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

சாமி கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஏகாம்பரம் சன்னல் வழியாகப் பார்த்தார். சாமி எர்த் பள்ளத்தருகே குந்தி உட்கார்ந்து, பச்சை வயர் மாட்டியிருந்த நட்டில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

"சாமி, அதைக் கழட்டாதீங்க."

"ஏன்?"

ஏகாம்பரத்தின் கை அதற்குள் கிரைண்டரை விட்டு விலகியிருந்தது. சன்னல் வழியாகச் சாமிக்கு அது தெரிந்தது. இன்னொரு கையால் சுவிட்சை அணைத்தார்.

"திரும்பிப் போக வழியில்லாம கிரைண்டர் உடம்பெல்லாம் கரண்ட் ஏறிடும்."

"நான் கழட்டினாத்தான் கழலுமா?"

"இல்ல சாமி. துருப்பிடிச்சா தானாவே விட்டுடும். பள்ளம் காய்ஞ்சாலும் ஆபத்துதான்."

"இது இப்பத்தான் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லலாமா என்று ஏகாம்பரத்துக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"வயர் மாட்டும்போதே தெரியும்" என்றார்.

பிறகு மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினார். நியூட்ரல் கொண்டுவர வேண்டுமானால் சுவரைக் கொத்த வேண்டும். இன்றைக்குள் ஆகாது. பூசைக்குள் முடித்துவிடுவதாக எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அதுவரை ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தார்.

சாமி நட்டைத் திருகாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்தார். நாளைக்கான மாவு ஆட்டுரலில் அரைபடட்டும் என்றும், ஆள் போதாவிட்டால் தானும் உட்கார்ந்து ஆட்டுவதாகச் சொன்னார். அதில் ஏகாம்பரத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அந்தம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிட்டு வாங்க" என்றார் சாமி.

ஏகாம்பரம் தயங்கினார். கொல்லையிலிருந்து பொற்கொடி கறிவேப்பிலையோடு வந்துகொண்டிருந்தார்.

"இப்பவே வயரைப் பிரிச்சுடறேன் சாமி. அவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான் அவங்களுக்குக் கெடுதல் நினைக்கல. நானும்தானே அதுல கை வெச்சேன்?"

சாமி ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார்.

"வெச்சீங்க ஐயா. நான் நட்டைத் தொட வந்ததும் கையை எடுத்துக்கிட்டீங்க. எடுக்கணும்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"