இல்லாத மிளகை வித்தவனும் மலையேறிப் பாத்த பூவாயியும்

மலை எறங்கி வந்து தரையத் தொடற எடத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், கொடிப்பட்டின்னு பேரு, அந்த ஊர்ல பூவாயி பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு மூணு கழுதை, ஒரு பசுமாடு, ஒரு புருசன். புருசன் பேரு கோணையன். ஊரு அவனைக் கிறுக்குப்பயன்னு சொல்லும். ஏன்னா அவன் எதைக் கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேப்பான். சிரிக்காதீங்க, கேளுங்க.

பூவாயி என்ன பண்ணுவா, மலைக்காரங்ககிட்ட மிளகு வாங்கி, கழுதை மேல ஏத்தி, சந்தைல விப்பா. ஒரு தடவை வாங்குனா, விலை ஏறுச்சு. ரெண்டாந்தடவை வாங்குனா, அப்பவும் ஏறுச்சு. மூணாந்தடவை வாங்குனா, அப்பவும் ஏறுச்சு. உடனே அவளுக்குத் தலை நிமிந்துபோச்சு. "விலை எந்தப் பக்கம் போகும்னு என் மூக்குக்கே தெரியும்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. காத்து நல்லா அடிச்சா சருகு கூடத்தான் பறக்கும், அதுக்கு ரெக்கை இருக்குன்னா அர்த்தம்?

அந்தச் சந்தைல அனந்தப்பன்னு ஒரு தரகன். வெள்ளைக் குதிரை, மாடி வீடு, வாயைத் தொறந்தா தேன். அவன் ஒருநாள் வந்து மெதுவாச் சொன்னான், "பூவாயி, உனக்கு மட்டும் சொல்றேன். அக்கரைல இருந்து கப்பலு வருது. மூட்டை பத்துப் பணம் விக்கிற மிளகு இருபதாகப் போவுது. இப்பவே வாங்கிப் போட்டுக்க."

உனக்கு மட்டும்னு ஊர் பூராச் சொல்லியிருந்தான், அது இவளுக்கு எங்க தெரியும்?

வீட்டுக்கு ஓடுனா. கோணையன் கேட்டான், "சரி, எறங்குனா?"

"ஏறும்யா."

"ஏறும். எறங்குனா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"ன்னு சொல்லிட்டு, இருந்த காசை எல்லாம் போட்டு மூட்டை பத்துப் பணத்துக்கு வாங்கிக் குவிச்சுட்டா.

மறுவாரம் விலை எட்டு. "சும்மா ஒரு ஆட்டம் ஆடுது, திரும்பி ஏறும்"னு காதுத் தோட்டை வித்து இன்னும் வாங்குனா. அடுத்த வாரம் ஆறு. "இவ்வளவு மலிவா எப்பக் கெடைக்கும்"னு பசுவை வித்து இன்னும் வாங்குனா. அப்புறம் நாலு. ரெண்டு கழுதையை அடகு வச்சு இன்னும் வாங்குனா. குழில விழுந்தவ ஏறி வரணும்ல, இவ மம்பட்டிய எடுத்துக் குழியையே தோண்டுனா.

விலை மூணுக்கு வந்துச்சு. சோறு எறங்கல, தூக்கம் வரல, மூட்டை மேலயே உக்காந்திருந்தா. கோணையன் பக்கத்துல வந்து உக்காந்தான். "வித்துடேன்"னான்.

"பத்துக்கு வாங்குனேன்யா!"

"அது அன்னைக்கு."

"இருபதுக்குப் போகும்யா!"

"அது என்னைக்கோ. ஏன் புள்ள, அன்னைக்கு விலை தெரியுது, என்னைக்கோ வர்ற விலை தெரியுது, இன்னைக்கு விலை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவ அழுதா. நல்லா அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவி, எல்லாத்தையும் மூணு பணத்துக்கே வித்தா. கடன் தீந்துச்சு, கழுதை வீடு வந்துச்சு. தோடு போனது போனதுதான், பசு போனது போனதுதான்.

அப்புறந்தான் தெரிஞ்சுது, அவ வாங்குனது பூராவும் அனந்தப்பன் கெடங்கு மிளகு. வேற வேற ஆளு கையில குடுத்து அவளுக்கே வித்திருக்கான். ஏறும்னு சொல்றவன் ஏன் விக்கிறான்னு அவளும் கேக்கல, ஊரும் கேக்கல.

சந்தைக்குள்ள அவ நுழைஞ்சா ஒரே சிரிப்பு. "வாங்க மிளகு ராணி! மூக்கு என்ன சொல்லுது?"

வேற ஒருத்தியா இருந்தா முக்காடு போட்டுக்கிட்டுப் போயிருப்பா. பூவாயி நடுச்சந்தைல நின்னா. "ஆமா, நான் ஏமாந்தேன். அவன் பொய்யி பாதி, என் ஆசை பாதி. இன்னொரு தடவை அவன் ஏமாத்தலாம், என் ஆசை என்னை ஏமாத்தாது"ன்னு சொல்லிட்டுக் கழுதையை ஓட்டிக்கிட்டு நேரா நடந்தா. அப்படி நடந்தா பாருங்க, சிரிச்சவன் வழி விட்டான்.

அதுக்கப்புறம் அவ வியாபாரமே வேற. கடன் வாங்கிச் சரக்கு வாங்க மாட்டா. ஒலைல போடுற அரிசிக் காசைத் தொட மாட்டா. ஒவ்வொரு மூட்டை வாங்கும்போதும் முந்தானைல ஒரு முடிச்சுப் போடுவா. "இந்த விலைக்குக் கீழ போனா, வித்துட்டு வீட்டுக்குப் போயிருவேன்." சில வாரம் அப்படி நட்டத்துக்கே வித்தா. "பொறுக்கத் தெரியல பாரு"ன்னு சிரிச்சாங்க. அடுத்த வாரம் விலை இன்னும் விழுந்துச்சு, சிரிச்சவங்க அழுதாங்க. இப்படி நாலு காசு போனா பத்துக் காசு வந்து, மெல்ல மெல்ல ஒரு பசு வந்துச்சு.

அப்போ அனந்தப்பன் என்ன பண்ணான்? ராஜாகிட்டப் போனான். "மகாராஜா, உங்க கப்பலுக்கு நூறு மூட்டை மிளகு, தை மாசம் எறக்கிர்றேன், மூட்டை நாலு பணம்"னு பேசி, பாதிக் காசை முன்னாடியே வாங்கிட்டான். கெடங்குல ஒரு மூட்டை கிடையாது! இல்லாத மிளகை வித்துட்டான். விலையை விழ வச்சு ரெண்டு பணத்துக்கு வாங்கிக்கலாம்னு கணக்கு.

அதனால ஊர் பூராச் சொன்னான், "அக்கரைல இனி மிளகே திங்க மாட்டாங்களாம். விலை மண்ணாப் போகப்போகுது. இப்பவே வித்துருங்க." ஜனம் பதறிப்போச்சு. மூட்டை மூட்டையாத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. விலை மூணுக்கு வந்தும் அனந்தப்பன் வாங்கல. இன்னும் விழட்டும்னு காத்திருந்தான்.

பூவாயி என்ன பண்ணா? யார்கிட்டயும் எதுவும் கேக்கல. கழுதையைப் பிடிச்சுக்கிட்டு மலையேறுனா. ஒரு கொடியப் பாத்தா, இலை இருக்கு, காய் இல்ல. அடுத்த தோட்டத்துக்குப் போனா, இலை இருக்கு, காய் இல்ல. உச்சிக்கே போனா, அங்கயும் இலை இருக்கு, காய் இல்ல. பூப்பூக்கிற நேரத்துல மழை ஏமாத்திருச்சு!

கீழ வந்து சத்தமாச் சொன்னா, "மலைல காய் இல்ல. விக்காதீங்க. நம்பாதவன் ஏறிப் பாத்துட்டு வா." ஏறிப் பாத்தவன் விக்கல. ஏற சோம்பல் பட்டவன் வித்தான், பூவாயி சொந்தக் காசுல பாதிய மட்டும் எடுத்து, முடிச்சுப் போட்டு வாங்குனா.

தை பொறந்துச்சு. மலைலேருந்து ஒரு மூட்டையும் எறங்கல. விலை ஆறு, எட்டு, பன்னெண்டு! அனந்தப்பன் வீடு வீடா அலைஞ்சு கடைசில பூவாயி வாசல்ல வந்து நின்னான்.

"அக்கா, ராஜாவுக்கு நூறு மூட்டை வித்துட்டேன், பழைய விலைக்குக் குடுங்க."

"பழைய விலை எங்கிட்ட இல்லீங்க. இன்னைக்கு விலைதான் இருக்கு."

அவன் நேரா அரண்மனைக்கு ஓடி, "மகாராஜா, அந்தப் பொம்பளை மிளகைப் பதுக்கிட்டா"ன்னான். ராஜா கூப்புட்டு விட்டாரு.

பூவாயி தலை குனியாமப் போனா. "மகாராஜா, நான் ஊரறிய வாங்குனேன், ஊரறிய விக்கிறேன். சந்தைல என்ன விலையோ அதுக்கு மேல ஒரு காசு வேண்டாம். ஆனா இவரு உங்ககிட்ட வித்தாரே நூறு மூட்டை, அது எங்க இருக்குன்னு கேளுங்க."

ராஜா திரும்பிப் பாத்தாரு. "எங்கய்யா?"

"வந்து... வாங்கித் தரலாம்னு..."

"இல்லாததையா எனக்கு வித்த? பேசுன விலைக்கு நூறு மூட்டையும் கப்பல்ல ஏறணும். நீ என்ன விலைக்கு வாங்குறியோ அது உன் பாடு."

அவ்வளவுதான். குதிரை போச்சு, மாடி வீடு போச்சு, தேன் வாயும் போச்சு. பூவாயிகிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் இருந்த மிளகை எல்லாம் பன்னெண்டு பணத்துக்கு வாங்கி நாலு பணத்துக்குக் குடுத்தான். வண்டிக்காசு கூட இல்லாம, மூட்டை ஏத்துன கழுதைங்க பின்னாடி துறைமுகம் வரைக்கும் புழுதில நடந்தே போனான்.

ராஜா பூவாயியப் பாத்து, "இனி இந்தச் சந்தைக்கு நீதான் நாட்டாமை"ன்னாரு.

"இருக்கேன் மகாராஜா. ஆனா ஒண்ணு. எவனா இருந்தாலும் சரக்கை எறக்கிக் காட்டிட்டுத்தான் விலை பேசணும். நீங்க அனுப்புற ஆளா இருந்தாலும் சரி."

 ராஜா சிரிச்சுட்டாரு. "அப்படியே ஆகட்டும்"னாரு.

அன்னைலேருந்து சந்தை தொறக்கிற மணிய அடிக்கிறது பூவாயிதான். அவ மணி அடிச்சா கொடிப்பட்டியே நிமிந்து நிக்குமாம். கோணையனைக் கிறுக்கன்னு சொன்னவங்கல்லாம், சரக்கு வாங்குறதுக்கு முன்னாடி அவன்கிட்ட வந்து, "அண்ணே, ஒரு கேள்வி கேளுங்கண்ணே"ன்னு நிப்பாங்களாம்.

ஊரு சொல்லுதுன்னு வாங்காத, ஊரு ஓடுதுன்னு விக்காத, நீயே ஏறிப் பாரு. தப்பாப் போச்சுன்னா சின்னதா இருக்கும்போதே கைய எடு. மிளகு ரசத்துல எறங்கிருச்சு, கதை மலை ஏறிருச்சு, கண்ண மூடுங்க.