ஒரு தலைப்பாகையும் ஒரு கயிறும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்த காலத்தில், பிரதாப பூபதி என்று ஒருவர் ஆண்டார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "வெளியே கிளம்ப வேண்டுமென்றால் யானை எங்கே, ஏணி எங்கே, குடை எங்கே என்று தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கிறது. இனி 'புறப்பாடு' என்று ஒரே சொல்தான் சொல்வேன். எல்லாம் தானாக நடக்க வேண்டும். எவனாவது என்னிடம் எதிர்க்கேள்வி கேட்டால், கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்துவேன்!"

மறுநாள் "புறப்பாடு!" என்றார். அரண்மனை அல்லோலகல்லோலப்பட்டது. புறப்பாட்டுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் வந்தன. யானையும் வந்தது, பல்லக்கும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. கல்யாண மேளம் ஒரு பக்கம், சாவுக்கு ஊதும் சங்கு ஒரு பக்கம். பாகன் ராஜாவின் கையைப் பிடித்து மேலே இழுத்தான், பல்லக்குக்காரர்கள் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஏணியை மட்டும் காணோம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, கேட்கவும் பயம். சொல்லும்போது எனக்கே தலை சுற்றுகிறது. கடைசியில் ராஜா சேற்றில் தொப்பென்று விழுந்தார்.

"சரி, யானை என்றோ பல்லக்கு என்றோ கூட ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறேன். அதற்குமேல் என் வாயைக் கிளறக் கூடாது!" என்று சேற்றிலிருந்தே உறுமினார்.

அமைச்சர் திருமேனிநாதருக்கு விகடகவி வேம்பையனைக் கண்டாலே வயிறு எரியும். சமயம் பார்த்துக் கைகட்டி நின்றார். "மகாராஜா, இதை ஒழுங்குபடுத்த வேம்பையரே தக்கவர். ஆனால் ஒன்று. யானை, பல்லக்கு, மேளம், சங்கு எதையும் விலக்கக் கூடாது, எதிர்க்கேள்வியும் கூடாது. நாளைக் காலைக்குள் ஆகாவிட்டால், கழுதைமேல் அவரே போகட்டும்."

குழம்பிப்போயிருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

வேம்பையனின் மனைவி செங்கமலம் நிறைமாதக்காரி. சேதி கேட்டு அழுதாள். "இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குங்க நடக்கிறது?"

வேம்பையன் நேரே யானைக் கொட்டடிக்குப் போனான். பாகன் இருளப்பன், ஏணிக்காரன், குடைக்காரன் மூவரையும் நிற்கவைத்து இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டினான்.

"ஐயையோ சாமி, நாங்க என்னத்தைத் திருடினோம்?" என்றான் இருளப்பன்.

"திருடலப்பா. நீ போனா ஏணியும் குடையும் கூடவே வரணும். அவ்வளவுதான்."

பிறகு பல்லக்குக்காரன் சடையனின் தலைப்பாகையை உருவி எடுத்துக்கொண்டான். வெறுந்தலையோடு ராஜா முன்னால் போவது அந்த அரண்மனையில் பெருங்குற்றம். "இனி உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலைப்பாகை. ராஜா யானைன்னா இருளப்பன் கட்டிக்கணும், பல்லக்குன்னா சடையன் கட்டிக்கணும்."

"ரெண்டும் சொல்லாட்டி?" என்றான் சடையன்.

"அப்ப யானைதான். அதனால அது இருளப்பன் தலையிலேயே இருக்கட்டும்."

மேளக்காரனுக்கும் சங்குக்காரனுக்கும் அதே கதி: இருவருக்கும் ஒரே தலைப்பாகை, ராஜா ஒன்றும் சொல்லாவிட்டால் அது மேளக்காரன் தலையில்.

காலையில் ராஜா "புறப்பாடு!" என்றார். யானை வந்தது. கயிற்றில் இழுபட்டு ஏணியும் குடையும் பின்னாலேயே தடுமாறி வந்தன. "புறப்பாடு, பல்லக்கு!" என்றார். தலைப்பாகை தலை மாறியது, பல்லக்கு வந்து நின்றது. ராஜாவின் முகம் மலர்ந்தது.

எவரையும் நம்பாமல் ஆற்றங்கரைச் சலவைத் துறையிலிருந்து கழுதையைத் தாமே பிடித்துக்கொண்டு வந்திருந்த அமைச்சர், ராஜாவின் காதோரம் குனிந்தார். "இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் மகாராஜா. வேடிக்கையைப் பாருங்கள்."

"புறப்பாடு, யானை, பல்லக்கு!"

தூணுக்குப் பின்னால் இருளப்பன் ஒரு முனையையும் சடையன் மறு முனையையும் பிடித்து இழுத்தார்கள். தலைப்பாகை அவிழ்ந்து பல முழ நீளத் துணியானதுதான் மிச்சம். ஒருவராலும் கட்ட முடியவில்லை. எதுவும் வரவில்லை.

அமைச்சர் பல்லை இளித்தார். "எது வேண்டும் என்று மகாராஜாவையே கேட்டுவிடுங்களேன், வேம்பையரே!"

வேம்பையனுக்குச் செங்கமலத்தின் அழுத முகம் கண்முன் நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டான். ராஜா வாசலைப் பார்த்தார், வேம்பையனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில் பொறுக்க மாட்டாமல், "என்ன இது? ஏன் ஒன்றும் வரவில்லை?" என்றார்.

"கேட்டது தாங்கள், மகாராஜா. ஆகவே பதில் சொல்கிறேன். யானைக்கும் பல்லக்குக்கும் ஒரே தலைப்பாகை. இரண்டிலும் ஏறத் தங்களுக்கு இருப்பதும் ஒரே உடம்பு."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். "பலே! இந்தப் பல்லக்கு இன்றிலிருந்து உன்னுடையது. உன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போகட்டும், கால் தரையில் படாமல்!"

"மகாராஜா, கழுதை காத்திருக்கிறதே..." என்று இழுத்தார் அமைச்சர்.

"அதைச் சலவைத் துறைக்கே திருப்பி அனுப்பு" என்று ராஜா வேம்பையனிடம் சொன்னார்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே கயிற்றில் இருப்பவர்கள் சேர்ந்தே போக வேண்டும் என்பது இப்போது அரண்மனை முறை" என்றான் வேம்பையன்.

சபை முழுதும் கயிற்றைப் பார்த்தது. ஒரு முனை கழுதையின் கழுத்தில். மறு முனை அமைச்சரின் கையில்.

"நானுமா?" என்று கேட்கத்தான் அமைச்சர் வாயெடுத்தார். எதிர்க்கேள்வி கேட்டால் என்ன தண்டனை என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு கழுதையோடு நடந்தார்.