சீமாட்டிக்கு எட்டு முரசு

முன்னொரு காலத்தில், பெயர் யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில், ஒரு ராஜா பூனை வளர்த்தார். ராஜா வளர்த்தார் என்று சொல்வதுகூடப் பொய். வளர்த்தவள் ராணி. அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ராஜாவின் மார்பில் ஏறிப் படுத்து அவரைத் தூங்கவைத்தது அந்தப் பூனைதான். அதன் பெயர் சீமாட்டி. சீமாட்டிக்கு ஒன்று என்றால் ராஜா நிதானத்தில் இருக்க மாட்டார்.

அந்தச் சீமாட்டி ஒரு நாள் நொண்டியது. விகடகவி மாசிலாமணி போய், கால்நடை வைத்தியம் பார்க்கும் செம்பாயியை அழைத்துவந்தான். அவள் எட்ட நின்றே பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"நகம் வளந்து, வளைஞ்சு, உள்ளங்கால்லயே இறங்கிடுச்சு சாமி. பத்து நாளைக்குள்ள எடுக்கலேன்னா காலு அழுகிப்போகும்."

எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே தளவாய் மருதப்பர் இருந்தாரே. படைத்தலைவர் என்று பெயர். படையை விட மரியாதையில்தான் அவருக்குக் கண். மூன்று வருஷம் ராஜாவின் காலைச் சுற்றிவந்து, தான் தெருவில் நடந்தால் முன்னால் ஒரு முரசு போக வேண்டும் என்று உரிமை வாங்கியவர். பட்டத்துப் பூனை வைத்தியரிடம் போகும்போதும் முரசு முழங்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரேதான்.

முரசு முழங்கியது. சீமாட்டி ஒரே தாவில் உத்தரத்தில் ஏறிவிட்டது. வலை வீசி இறக்கினார்கள். நாலு காலை நாலு வீரர்கள் அமுக்கினார்கள். செம்பாயி, "விடுங்கய்யா, அமுக்காதீங்க" என்று கெஞ்சியதை யார் கேட்டார்கள்? நகவெட்டியை வை என்று தளவாய் அதட்டினார். வைத்தாள். பூனை துள்ளியது. முன்காலில் ஒரு நகம் சதையோடு வெட்டுப்பட்டு, ஒரு சொட்டு ரத்தம் ராஜாவின் வெள்ளை அங்கவஸ்திரத்தில் விழுந்தது. சீமாட்டி அலறிக்கொண்டு ஓடியது.

தளவாய் காத்திருந்தது இதற்குத்தான். மாசிலாமணி சொல்லுக்கு ராஜா சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"மகாராஜா, ராணியார் வளர்த்த பிராணியின் ரத்தம் தங்கள் மேல் தெறித்திருக்கிறது. இவளை அழைத்துவந்தவர் யார் என்பதையும் தாங்கள் யோசிக்க வேண்டும்."

ராஜா யோசிக்கவில்லை. "அந்தக் கையை வெட்டுங்கள்" என்றார்.

செம்பாயி தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கையால்தான் அவள் கன்றுகளை வெளியே எடுத்தாள், அந்தக் கையால்தான் சோறு தின்றாள். அழக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

மாசிலாமணி எழுந்து தன் கையையும் நீட்டினான். "மகாராஜா, அழைத்துவந்தவன் நான். இரண்டு கைகளையும் சேர்த்தே வெட்டுங்கள். ஆனால் அதற்குப் பிறகு சீமாட்டியின் காலை யார் பார்ப்பார்கள்? எட்டு நாள் தாருங்கள்."

அந்தக் கேள்வி ராஜாவைச் சுட்டது. "சரி. எட்டாம் நாள் இந்தச் சபையில், சீமாட்டியின் காலில் வளர்ந்த நகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. யாரும் அதை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. அது அலறக் கூடாது. ஒரு சொட்டு ரத்தம் வரக் கூடாது. தவறினால் இரண்டு கைகளும் போகும்."

"முரசும் முழங்க வேண்டும்" என்றார் தளவாய்.

"முழங்கட்டும்" என்றார் ராஜா.

"மகாராஜா, வைத்தியத்துக்கு முரசு முழங்க வேண்டும் என்பது சட்டம். மற்ற வேளையில் முழங்கக் கூடாது என்று சட்டம் உண்டா?" என்று கேட்டான் மாசிலாமணி.

"இல்லை."

"அது போதும்."

மறுநாள் காலையில் மடைப்பள்ளிப் பக்கமிருந்து முரசுச் சத்தம் கேட்டது. சாயங்காலமும் கேட்டது. அடுத்த நாள் இன்னும் பலமாகக் கேட்டது. ராஜா கொதித்தார். தளவாய், "பயத்தில் விகடகவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது" என்று சபை முழுக்கச் சொல்லிவைத்தார். ராத்திரிகளில் செம்பாயி வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

எட்டாம் நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. ஓரமாக ஒரு சேவகன் அரிவாளோடு நின்றான். செம்பாயி நடுவில் ஒரு ஓலைக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடைக்குள் ராணியின் பழைய பட்டுச்சேலை மடித்துக் கிடந்தது.

தளவாய் எழுந்தார். "பட்டத்துப் பூனைக்கு ஒரு முரசு குறைவு. எட்டு முரசு முழங்கட்டும்."

எட்டும் முழங்கின. தூண்கள் அதிர்ந்தன. வாசலில் பூனையைக் காணோம். ராஜா உத்தரத்தைப் பார்த்தார், அங்கேயும் இல்லை. முரசு அடங்கியது. தளவாய் சேவகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். சேவகன் ஓரடி எடுத்து வைத்தான்.

அப்போது வாசலில் "மியாவ்" என்று கேட்டது.

சீமாட்டி நொண்டி நொண்டி வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, ராஜாவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், நேரே போய்க் கூடையில் ஏறி உட்கார்ந்தது. முரசுக்காரர்களைப் பார்த்து இன்னொரு தரம் கத்தியது.

செம்பாயி நகவெட்டியை எடுத்தாள். ஆனால் கண் தன் வலது கையை விட்டு அகலவில்லை.

"அக்கா, கையைப் பாக்காத. காலைப் பாரு" என்றான் மாசிலாமணி மெதுவாக.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். பாதத்தை விரலால் லேசாக அழுத்தினாள். நகம் வெளியே வந்தது. சிவப்பாகத் தெரியும் சதைக்கு இப்பால், ஒரே ஒரு வெட்டு. உள்ளங்காலில் இறங்கியிருந்த துண்டு கையோடு வந்தது. சீமாட்டி அலறவில்லை. ரத்தம் பொட்டளவும் இல்லை. செம்பாயி மடியிலிருந்து ஒரு அயிரை மீனை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

"ஒரு நகம்தானே வெட்டினாள்? பூனைக்குப் பதினெட்டு நகம்" என்று பாய்ந்தார் தளவாய்.

"எட்டாம் நாள் வளர்ந்த நகம் இருக்கக் கூடாது என்பதுதான் ஆணை, எப்போது வெட்ட வேண்டும் என்று இல்லை. மற்ற பதினேழையும் நாளுக்கு மூன்று நான்காகச் செம்பாயி வெட்டி முடித்துவிட்டாள். இந்த வலிக்கிற நகத்தை மட்டும் இன்று காலையில்தான் தொடவிட்டது" என்றான் மாசிலாமணி.

ராஜா குனிந்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்தார். உண்மைதான். "முரசைக் கேட்டால் ஓடுமே, எப்படி வந்தது?"

முரசுக்காரன் மூக்கன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மொத நாள் மொரசு மேல துணியப் போத்தி, வெரலால தட்டச் சொன்னாரு விகடகவி, சாமி. தட்டினா மீனு. அடுத்த நாள் ரெண்டு மொரசு. அதுக்கும் மீனு. நாளுக்கு ஒண்ணு கூட்டி, நேத்து காலைல ஏழு, சாயங்காலம் எட்டும் அடிச்சோம். இப்போ மொரசு கேட்டா அதுக்குச் சாப்பாட்டு நெனப்புதான்."

"எட்டு முரசு வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று மாசிலாமணியைக் கேட்டார் ராஜா.

"அரண்மனையில் இருப்பதே எட்டு முரசுதான். மரியாதை என்றால் தளவாய் ஒன்றோடு நிற்க மாட்டார் மகாராஜா."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "ஆக, நாம் செய்த மரியாதைதான் இத்தனை நாளும் அதை உத்தரத்தில் ஏற்றியதா?" என்றார். பிறகு தன் பொற்காப்பைக் கழற்றி, வெட்டச் சொன்ன அதே கையில் தானே போட்டுவிட்டார். செம்பாயி அப்போதுதான் அழுதாள்.

மாசிலாமணிக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். "தளவாயின் முரசு உரிமையை மட்டும் பறித்துவிடாதீர்கள் மகாராஜா" என்றான் அவன். இது என்ன வரம் என்று எல்லோரும் முழித்தார்கள். தளவாய்க்கே ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் புரிந்தது. தளவாய் முரசு முழங்க வீதியில் இறங்கினார். பத்தடி போவதற்குள் அரண்மனை மதிலிலிருந்து சீமாட்டி குதித்து ஓடிவந்து, அவர் காலைச் சுற்றிச் சுற்றி மீன் கேட்டுக் கத்தியது. பட்டத்துப் பூனை, உதைக்க முடியுமா? ஊரே பார்க்க, மரியாதைக்குரிய தளவாய் மீன்கடைப் பக்கம் திரும்பினார். மாடத்தில் நின்ற ராஜா, ராணி போனதற்குப் பிறகு முதல் முறையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாளிலிருந்து தளவாயின் இடுப்பில் வாளுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பை தொங்கியது.