தாய் மீனை எடுத்த காலை

குளத்தூரில் திலகவதியிடம் மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டவர்களில் பலர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். அருளப்பன் எல்லோரிலும் மூத்தவர். பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மீன் தொட்டி அவருடைய ஆசை அல்ல. மனைவி ரெஜினாவுடையது. பொங்கல் கழிந்து ரெஜினா இறந்துபோனாள். வெயில் காலம் வந்ததும் அவள் வளர்த்த டிஸ்கஸ் மீன் ஜோடி முட்டையிட்டது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்று அருளப்பன் திலகவதியிடம் ஓடி வந்தார்.

“டீச்சர், ஊசிமுனை மாதிரி இருக்குதுங்க. எதைப் போட்டாலும் தொட மாட்டேங்குதுங்க. என்ன குடுக்கணும்?”

“என்ன போட்டீங்க?”

“முட்டை மஞ்சக்கரு. அப்புறம் பால் பவுடர்.”

திலகவதி கையைத் துடைத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வடித்து மாற்றினாள். ஆண் மீன் பெண்ணை முட்டி விரட்டிக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்துத் தொட்டியில் விட்டாள். தொட்டி விளக்கை அணைத்தாள்.

“உட்காருங்கண்ணா. சும்மா பாருங்க.”

கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் தாயின் மேல் போய் அப்பிக்கொண்டன. அதன் உடம்பைக் கொத்தின.

“ஐயையோ, அம்மாவையே கடிக்குதுங்களே!”

“அது தோல்ல ஒரு வழவழப்பு ஊறும். அதான் இதுங்களுக்குச் சாப்பாடு. இப்போதைக்கு நீங்க எதுவும் குடுக்க வேணாம்.”

அதன் பிறகு அருளப்பனுக்குப் பொழுது தொட்டியின் முன்னால்தான் போயிற்று. குஞ்சுகளுக்கு வயிறு உருண்டது. உடம்பு காசு போல வட்டமாகத் தொடங்கியது. பொடி இறால் முட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டுக் குஞ்சு பொரிக்கத் திலகவதி சொல்லிக் கொடுத்திருந்தாள். அவரும் பொரித்துப் போட்டார். மீன் குஞ்சுகள் பேருக்கு ஒன்றைக் கொத்திவிட்டுத் தாயிடமே ஓடின.

தாய் இளைத்தது. தோல் அங்கங்கே உரிந்து வெளுத்தது. துடுப்பு நைந்தது. தனக்குப் போட்ட இரையையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் போய் ஒண்டினால், அங்கேயும் குஞ்சுகள் துரத்திக்கொண்டு போயின.

திலகவதி வந்து பார்த்தாள். கைவலையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“அம்மாவை வெளியே எடுத்துடுங்க.”

“எடுத்தா குஞ்சுங்க செத்துடாதா?”

“எடுக்கலேன்னா இது செத்துடும்.”

அருளப்பன் வலையை வாங்கவில்லை. “ரெஜினா மீன் இது. நீங்களே எடுங்க டீச்சர்.”

“அதனாலதான் நீங்க எடுக்கணும்.”

அவர் வலையை வாங்கினார். முதல் முறை வலை கண்ணாடியில் இடித்தது. தாய் மீன் விலகக்கூட முயலாமல் நின்றது. அதை அள்ளி, தயாராக வைத்திருந்த வேறொரு தொட்டியில் விட்டார்.

குஞ்சுகள் கலைந்தன. தாய் ஒண்டியிருந்த மூலைக்குப் போயின. திரும்பி வந்தன. கண்ணாடியோரமாகக் கூட்டமாகச் சுற்றின. மறுபடி அந்த மூலைக்கே போயின.

“தேடுதுங்க,” என்றார் அருளப்பன்.

“ஆமா.”

திலகவதி சொட்டுக் குழாயில் இறால் குஞ்சுகளை உறிஞ்சி அந்த மூலையிலேயே விட்டாள். தண்ணீரில் செம்மண் புகைபோல இரை பரவியது. மீன் குஞ்சுகள் அதன் ஊடாகவே போய் வந்தன. ஒன்று வாயில் வாங்கித் துப்பியது. மறுபடி வாங்கியது. இந்தத் தடவை துப்பவில்லை. பக்கத்தில் இன்னொன்று கொத்தியது. இரண்டும் உடனே மூலைக்குத் திரும்பின.

“பாத்தீங்களா, திரும்பவும் தேடப் போயிடுச்சு.” அருளப்பன் மூலையைக் காட்டினார். “எப்பதான் டீச்சர் இதுங்க அம்மாவை மறக்கும்?”

திலகவதி இன்னொரு குழாய் இரையைத் தொட்டிக்குள் விட்டாள்.

“மறக்குதான்னு நான் பாக்கறதில்லைண்ணா. திங்குதான்னு மட்டும்தான் பாப்பேன்.”