பஞ்சு சிக்கும் இடம்

“படகு இன்னும் சரியாகலம்மா” என்றார் கஸ்பார்.

உப்பளக் கரையில் தனியாக இருந்த துறவி செசிலி அவரைவிட மிகவும் சின்னவள். தேடி வருகிறவர்கள் அவளை அம்மா என்பார்கள். அவள் அவர்களை அண்ணே என்பாள்.

“எது சரியாகலண்ணே?”

“சுக்கான். பழைய பாய்மரப் படகுல்லா. கப்பி புதுசு, வயர் புதுசு, சுக்கானத் திருப்புத சக்கரம்கூட மாத்திட்டேன். ஆனாலும் நம்பிக்கை வரல.”

“எங்க போகணும்?”

“தீவுக்கு. நாளைக்குத் தம்பி மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல மொத மொதல்ல நற்கருணை வாங்குதா. அப்பா எடத்துல பெரியப்பாதான் வந்து நிக்கணும்னு ரெஜினா சொல்லி விட்டிருக்கா.”

ரெஜினா அவருடைய தம்பி லொயோலாவின் மனைவி. போன வருஷம் நடுக்கடலில் இதே படகின் சுக்கான் வயர் அறுந்தது. கஸ்பார் கரை சேர்ந்தார். லொயோலா சேரவில்லை.

செசிலி ஒரு கை பஞ்சை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள்.

சக்கரத்தில் தொடங்கிச் சுக்கான் வரைக்கும் வயரைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே போனாள். ஒரு இழை அறுந்திருந்தாலும் அதில் பஞ்சு சிக்கிக்கொள்ளும்.

சிக்கவில்லை.

கப்பிகள் சத்தமில்லாமல் சுற்றின. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கஸ்பார் ஒவ்வொரு போல்ட்டையும் துருவித் துருவிப் பார்த்திருந்தார்.

“இன்னொரு தடவ பாத்துருங்கம்மா.”

பார்த்தாள். சிக்கவில்லை.

“பிள்ளைக்கு என்ன வாங்குனீங்க?”

“வெள்ளைக் கவுன். ஒரு வாரமா படகுலதான் இருக்கு.”

“ரெஜினா கோவமா இருக்காளா?”

“சேச்சே. அவ அப்படிப்பட்டவ இல்ல.”

“தீவுல எறங்குனதும் என்ன கேப்பா?”

கஸ்பார் சக்கரத்தைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

“கடைசியா அவன் என்ன சொன்னான்னு கேப்பா.”

“என்ன சொன்னாரு?”

“‘நீ பாயை எறக்குண்ணே, சுக்கானை நான் பாத்துக்கிடுதேன்’னு சொல்லிட்டுப் பின்பக்கம் போனான். நான் பாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அல வந்தத…”

அவ்வளவு பெரிய மனிதர் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், ஒரு வருஷமாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

செசிலி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்ததும் பஞ்சை அவர் கையில் வைத்தாள்.

“வயர்ல இல்ல, இங்கதான் சிக்குதுண்ணே.”

“இத எப்படியாவது சரிபண்ணிக் குடுங்கம்மா.”

“அதுக்கு இந்தக் கரையில ஆள் இல்ல. தீவுல இருக்கா.”

அவள் இறங்கிப் போய்க் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டாள்.