வயிற்றில் போட்ட கோடு

ஞானராஜுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷம் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்துவிட்டு, தலை நரைத்தபிறகு அறுவை சிகிச்சை படிக்க வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் டாக்டர் நிலோஃபர் அவரைவிட ஐந்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். யார் குரு, யார் சீடர் என்று வார்டு நர்ஸுகளுக்கே முதல் வாரம் குழப்பம்தான்.

உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தபோது வயிற்றுவலிக்கு ஐந்தாம் நாள். நாலு நாளைக் கடை மாத்திரையிலேயே ஓட்டியிருந்தாள் மகராசி. குடல்வால் வெடித்து, சுற்றியிருந்த குடலெல்லாம் வந்து அதைப் பொத்திக்கொண்டு, வலப்பக்க அடிவயிற்றில் ஒரு கட்டியாக நின்றது.

"திறந்திரலாம், மேடம்," என்றார் ஞானராஜ்.

"இப்பத் திறந்தா எல்லாம் ஒட்டிக் கிடக்கும். நல்ல குடலும் கிழிஞ்சிரும். மருந்து ஏத்திப் பாப்போம். நாடி ஏறினா, கட்டி பெருத்தா, அந்த நிமிஷமே திறப்போம். தியேட்டர்ல சொல்லி வைங்க."

நிலோஃபர் கட்டியின் ஓரத்தைத் தடவித் தடவி, பேச்சியம்மாளின் வயிற்றில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"தினமும் காலையில தொட்டுப் பாத்து நீங்க ஒரு கோடு போடணும், சார். கட்டி சுருங்கினா புதுக் கோடு உள்ள வரும். பெருத்தா வெளிய போகும்."

நாலாம் நாள் காலை, ஞானராஜ் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தோடு கட்டிலருகே நின்றார்.

"ஒரு நூல்கூடக் குறையல, மேடம். இன்னைக்குத் திறந்தே ஆகணும்."

பேச்சியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கிழிச்சிருவியளா, தாயி? சின்னவன் இன்னும் பால்குடி மறக்கலியே."

"நாடி?" என்று கேட்டார் நிலோஃபர்.

"நூத்திருபது இருந்துச்சு. இப்ப எண்பத்தாறு."

"காய்ச்சல்?"

"இல்ல."

"பேச்சி, பசிக்குதா?"

"ஒரு வாய் கஞ்சி தந்தா குடிப்பேன், தாயி."

நிலோஃபர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். கோடு விரல் தடிமனுக்கு இருந்தது. நாலு நாள் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக, அச்சு மாதிரி.

"சார், கண்ணை மூடுங்க."

"மேடம்?"

"மூடிட்டுத் தொட்டுப் பாருங்க. கட்டி எங்க ஆரம்பிக்குதோ, அங்க விரலை நிறுத்துங்க."

ஞானராஜின் விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. அது நின்ற இடத்திலெல்லாம் நிலோஃபர் ஒரு புள்ளி வைத்தார். ஞானராஜ் கண்ணைத் திறந்தபோது, புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு இரண்டு விரற்கடை உள்ளே இருந்தன.

பேச்சியம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கஞ்சி கிடைக்கும்," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, நிலோஃபர் வராந்தாவுக்கு வந்தார். ஞானராஜ் பின்னாலேயே வந்தார். படிவம் இன்னும் அவர் கையில் இருந்தது.

"நான் வேணும்னு செய்யல, மேடம். பழைய கோட்டு மேலேயே கை போயிருக்கு."

"தெரியும், சார்."

"பதினோரு வருஷம் முந்தி ஒரு பொம்பளப் பிள்ளை. ஒன்பது வயசு. இதே வலி. மருந்து கொடுத்துப் பாப்போம்னு சொன்னேன். போயிருச்சு. அதுக்கப்புறம் பொறுத்துப் பாப்போம்னு யார் சொன்னாலும், திறந்திரலாம்னுதான் எனக்குச் சொல்லத் தோணுது. அன்னைக்கு நான் பொறுத்திருக்கக் கூடாது."

"மருந்து கொடுத்தப்புறம் எப்ப மறுபடி அவ வயித்துல கை வச்சீங்க?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஞானராஜும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"மூணாம் நாள்," என்றார். "பதினெட்டு ஊருக்கு நான் ஒருத்தன்தான், மேடம்."

திட்டு விழும் என்று தலை குனிந்துகொண்டார். விழவில்லை. நிலோஃபர் அந்தப் படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"இது பத்திரமா இருக்கட்டும். தேவைப்பட்டாலும் படும்."

பிறகு பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"இங்க நாம ரெண்டு பேர் இருக்கோம், சார். மத்தியானம் நீங்க தொட்டுப் பாருங்க. சாயங்காலம் நான் வந்து தொட்டுப் பாக்கிறேன்."